நகம் வெட்டு, எண்ணெய் பூசாதே: சடுகுடு விதிகளுக்குப் பின்னால் இருக்கும் காயங்கள்

கபடி விதிப் புத்தகத்தில், ஆட்டக்காரர் களத்தில் இறங்குமுன் கவனிக்க வேண்டியவை என்று சில சின்னக் கட்டளைகள் உண்டு. நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். உடம்பில் எண்ணெயோ வேறு வழுக்கும் பொருளோ பூசியிருக்கக் கூடாது. மோதிரம், சங்கிலி எதுவும் அணியக் கூடாது. முதன்முறை படிப்பவருக்கு இவை பள்ளிக்கூடத்து ஒழுங்கு விதிகள் போலத் தோன்றும். ஆட்டத்தைக் கிட்டத்திலிருந்து பார்த்தவருக்கோ ஒவ்வொரு வரியும் ஒரு காயத்தை நினைவூட்டும். நகம் கிழித்த கன்னம், பிடியில் நிற்காமல் வழுக்கிப் போன கால், சங்கிலி அறுத்த கழுத்து, அதையொட்டி மூண்ட கைகலப்பு.

இந்த ஆட்டம் கடல் கடந்து வந்த மலேசியாவில், ஜொகூர் மாநிலம் பொந்தியான் மாவட்டத்துப் பெக்கான் நானாஸ் அன்னாசிக்குப் பேர்போன ஊர். அன்னாசிக்கென்று ஓர் அருங்காட்சியகமே இங்கு இருக்கிறது. தோட்டமும் பயிரும் வளர்ந்த கதை அங்கே கிடைக்கும். மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் வேலை முடிந்த பொழுதில் என்ன ஆடினார்கள் என்பதைத் தேட வேறு இடத்துக்குத்தான் போக வேண்டும். கங்காணிகள் திரட்டிக் கப்பலேற்றிய அந்த மக்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் கூத்தையும் கொண்டுவந்ததுபோல் சடுகுடுவையும் கொண்டுவந்தார்கள். கொண்டுவருவதற்கு இதைவிட எளிதான ஆட்டம் இல்லை. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், வலை வேண்டாம். லயத்து முற்றத்தில் நடுவே ஒரு கோடு கிழித்தால் போதும்.

எளிமையான இந்த ஆட்டத்தில் சண்டைக்கான விதையும் உள்ளேயே இருந்தது. பாடிச் செல்பவன் மூச்சு விடாமல் 'சடுகுடு' என்றோ 'கபடி' என்றோ சொல்லிக்கொண்டே எதிரணிக்குள் புகுந்து, தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். பாட்டு அறுந்தால் அவன் அவுட். அறுந்ததா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. காதால் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். சுற்றி நிற்கும் கூட்டமோ ஒரே கூச்சல். 'விட்டுட்டான்' என்று ஒரு பக்கம் கத்தும், 'விடலை' என்று மறுபக்கம் கத்தும். ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லுக்கு இரு தரப்பும் கட்டுப்பட்டால் ஆட்டம் தொடரும். பெரியவரே ஒரு தரப்பின் உறவுக்காரராக இருந்துவிட்டால் அத்தோடு ஆட்டம் முடிந்தது.

பாட்டை அறுக்கக் குறுக்குவழியும் உண்டு. பிடிபட்டவனின் வாயைப் பொத்தினால் போதும். வாயைப் பொத்தும்போது மூக்கும் சேர்ந்து அடைபடும். ஓடி இளைத்துக் கிடப்பவனுக்கு அந்தச் சில நொடிகள் உயிர்ப் போராட்டம். இன்றைய விதி இதை நேரடியாகப் பேசுகிறது. பிடிபட்டவரின் வாயை அடைத்துப் பாட்டை நிறுத்தக் கூடாது. காயம் உண்டாக்கும் முரட்டுப் பிடி கூடாது. இரு கால்களைக் கத்தரிக்கோலாக்கி நெரிக்கும் பிடி கூடாது. கைகால்களையும் உடற்பகுதியையும் தவிர வேறெங்கும் வேண்டுமென்றே பிடிக்கக் கூடாது. முடியைப் பிடித்து இழுப்பது, கழுத்தை வளைப்பது எல்லாம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

இந்த விதிகள் ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. 1921இல் மகாராஷ்டிரத்தில் முதன்முதலாக ஒரு விதிச் சட்டகம் உருவானது. அதற்குமுன் இந்தியாவின் ஒவ்வொரு பகுதியும் தன் வழக்கப்படி ஆடியது. அவுட்டானவர் தன் அணி புள்ளி எடுக்கும்போது உயிர்த்தெழுந்து திரும்பும் சஞ்சீவனி, அணி முழுவதும் வீழும்வரை வெளியே காத்திருக்கும் காமினி, அவுட்டானாலும் களத்திலேயே நின்று புள்ளியை மட்டும் எதிரணிக்குக் கொடுக்கும் அமர் என்று மூன்று முறைகள் இருந்தன. சஞ்சீவனியையும் காமினியையும் கலந்து 1921இல் எழுதிய விதிகளை 1923இல் ஒரு குழு திருத்தியது. அவ்வாண்டு நடந்த அகில இந்தியப் போட்டியில் அந்தத் திருத்த விதிகள் நடைமுறைக்கு வந்தன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதி ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலியினர் கபடியை ஆடிக் காட்டினர். 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு பிறந்தது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடியும் 2010 குவாங்சோவில் பெண்கள் கபடியும் பதக்கப் போட்டிகளாயின.

ஆட்டம் ஊர்விட்டு ஊர் போனபோது ஊர்ப் பெரியவர் இருந்த இடத்தில் ஒரு முழு அணியே வந்து நின்றது. இன்று ஒரு போட்டிக்குத் தலைமை நடுவர் ஒருவர், ஆடுகள நடுவர்கள் இருவர், புள்ளிக் குறிப்பாளர் ஒருவர், துணைக் குறிப்பாளர்கள் இருவர். எச்சரிக்கைக்குப் பச்சை அட்டை, இரண்டு நிமிடம் வெளியே அமர்த்த மஞ்சள் அட்டை, ஒரேயடியாக வெளியேற்றச் சிவப்பு அட்டை. பாடிச் செல்லும் ஒரு ரெய்டுக்கு 30 நொடிதான் என்ற வரம்பு வந்ததால், மூச்சு விட்டானா என்ற பழைய வழக்கின் பாதிச் சுமையைக் கடிகாரம் ஏற்றுக்கொண்டது. உடல் எடைக்கும் வரம்பு வந்தது: சீனியர் பிரிவு ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75 கிலோ. விதிகளிலேயே மிகவும் கருணையான விதி இந்த எடை வரம்புதான் என்று சொல்லலாம். அது இல்லையென்றால் பணமுள்ள அணி மலைபோன்ற ஆட்களைக் கோட்டருகே நிறுத்திவிடும்; அறுபது கிலோப் பையனின் முழங்காலுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

மண்தரை போய் மெத்தை விரிப்பு வந்ததும் சிராய்ப்பு குறைந்தது, வேகம் கூடியது. வேகம் கூடியபோது முழங்கால் தசைநார்களுக்கு ஆபத்தும் கூடியது. 2022 அக்டோபரில் புரோ கபடியில், 2.26 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுக்கப்பட்டுத் தமிழ்த் தலைவாஸ் அணிக்கு வந்த பவன் செராவத், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம்பட்டு அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். அவருக்கு மருத்துவக் குழு பக்கத்திலேயே இருந்தது. மறு ஆண்டு மீண்டு வந்து இந்திய அணியின் தலைவராகவும் ஆனார்.

ஊர்த் திடலில் ஆடுபவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதே 2022இன் ஜூலையில், கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே நடந்த ஒரு போட்டியில் பாடிச் சென்ற 22 வயது இளைஞர் பிடிபட்டு விழுந்தார். எழ முயன்றார், மீண்டும் சரிந்தார், இறந்துபோனார். அந்தக் காணொளியைத் தமிழுலகம் முழுவதும் பார்த்தது. அவர் வாங்கிய கோப்பைகளையும் உடலோடு வைத்து அடக்கம் செய்தார்கள் என்று செய்திகள் வந்தன. பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். ஆனால் ஊர்ப் போட்டிகளுக்கு ஆம்புலன்ஸ் கட்டாயம், மார்பிலோ தலையிலோ அடிபட்டவரை மருத்துவர் பார்க்காமல் திரும்ப இறக்கக் கூடாது என்ற பேச்சு அந்த அழுகையின் அளவுக்கு வலுக்கவில்லை. வருத்தப்பட வேண்டியது அதற்கும் சேர்த்துத்தான்.

உடலைக் காக்கும் விதி ஒருபுறம் இருக்க, தீர்ப்பைக் காக்கும் விதி தடுமாறினால் என்ன ஆகும் என்பதை 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ காட்டியது. ஆசிய விளையாட்டு ஆண்கள் இறுதிப் போட்டியில் இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமநிலை. முடிய ஒரு நிமிடம் சொச்சம். பவன் செராவத் ரெய்டு போனார். யாரையும் தொடாமலேயே களத்தின் பக்கவாட்டுப் பட்டையான லாபிக்குள் கால் வைத்தார். அவரைத் துரத்திய ஈரான் ஆட்டக்காரர்களும் லாபிக்குள் வந்துவிட்டார்கள். பழைய விதிப்படி உள்ளே வந்த அனைவரும் அவுட். புதிய விதிப்படி பாடிச் சென்றவர் மட்டுமே அவுட். எந்த விதி பொருந்தும் என்று நடுவர்களுக்கே தெளிவில்லை. ஒரு தீர்ப்பு சொன்னார்கள், மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். இரு அணியினரும் மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியாவுக்கு மூன்று, ஈரானுக்கு ஒன்று என்று புள்ளி வழங்கி வழக்கை முடித்து வைத்தார்கள். மிச்ச ஆட்டமும் நடந்து 33-29 என்று இந்தியா வென்றது. ஆசியாவின் உச்ச மேடையில், லயத்து முற்றத்தின் பழைய 'விட்டுட்டான், விடலை' வழக்கே மறுபடி நடந்தது. இரு அணியினரும் அன்று கை ஓங்காமல் உட்கார்ந்து காத்திருந்ததைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

எல்லா இடத்திலும் அந்தப் பொறுமை இருப்பதில்லை. 2025 ஜனவரியில் பஞ்சாபின் பட்டிண்டாவில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான பெண்கள் கபடிப் போட்டி நடந்தது. தமிழ்நாட்டின் அன்னை தெரசா பல்கலைக்கழக அணிக்கும் பீகாரின் தர்பங்கா பல்கலைக்கழக அணிக்கும் நடந்த ஆட்டத்தில் தவறான பிடி பற்றிய புகார் மோதலாக முற்றியது. நடுவரிடம் முறையிட்டபோது தங்கள் ஆட்டக்காரரே தாக்கப்பட்டதாகத் தமிழக அணியினர் குற்றம் சாட்டினர். நாற்காலிகள் பறந்த காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியது. தமிழக அரசு தலையிட்டு மாணவிகளைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்தது. யார் முதலில் கை வைத்தார்கள் என்பதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: புகார் கேட்க வேண்டியவர் மீதே புகார் எழுந்தால் அந்தப் பெண்கள் யாரிடம் போவது?

இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கு மேலாக விடை தேடிக்கொண்டிருக்கும் ஓர் ஆட்டம் ஆஸ்திரேலியக் கால்பந்து. 1945இல் கார்ல்டனும் தென் மெல்பர்னும் மோதிய இறுதிப் போட்டியை அந்நாட்டவர் இன்றும் 'இரத்தக் குளியல்' என்றே அழைக்கிறார்கள். தென் மெல்பர்னின் டெட் விட்ஃபீல்டுக்கு மட்டும் 21 ஆட்டத் தடை விழுந்தது. தடை விதித்தது களத்து நடுவர் அல்ல. அவர் புகார் எழுதித் தருவார். தனியான தீர்ப்பாயம் சாட்சிகளைக் கேட்டுத் தண்டிக்கும். 1985இல் ஹாதார்னின் லீ மாத்யூஸ், பந்து வேறெங்கோ இருந்தபோது ஜீலாங்கின் நெவில் புரூன்ஸின் தாடையை உடைத்தார். நடுவர்கள் யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் லீக் விசாரித்து நான்கு வாரம் அவர் பதிவையே ரத்து செய்தது. காவல்துறையும் வழக்குப் போட்டது. 2021 முதல் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கு ஆளானவர் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது என்று விதி வந்தது. 2022இல் நடுவரைப் பார்த்துக் கைவிரித்து முறைப்பதற்குக்கூட 50 மீட்டர் தண்டனை என்று இறுக்கினார்கள். 2023இல் களநடுவர் எண்ணிக்கையை நான்காக்கினார்கள். அங்கும் காயம் நிற்கவில்லை. ஆனால் காயத்துக்குப் பதில் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. கபடிக்கு இன்னும் வாய்க்காதது அந்த இடம்தான்.

மலேசியாவுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மலேசிய ஆண்கள் கபடி அணி ஆடியது. 2019 ஜூலையில் ஜொகூரின் பக்கத்து மாநிலமான மலாக்காவில் ஓர் உலகக் கோப்பைக் கபடியே நடந்தது. அதை நடத்திய அமைப்பு வேறு, ஆசிய விளையாட்டுக் கபடியைச் சார்ந்த உலக அமைப்பு வேறு. ஒரே ஆட்டத்துக்கு இரண்டு வீடு இருந்தால், எந்த விதிப் புத்தகம் யார் கையில் என்ற குழப்பம் கீழ்மட்ட நடுவர்வரை இறங்கும்.

பெக்கான் நானாஸிலோ பொந்தியானிலோ கூலாயிலோ பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கபடிப் போட்டி வைக்க நினைக்கும் இளைஞர் மன்றத்தார், கோப்பைக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் ஒதுக்குமுன் நான்கு காரியங்களுக்கு ஒதுக்குங்கள். எந்த விதிப்படி ஆட்டம் என்பதை எழுதி, ஆட்டத்துக்கு முன் இரு அணித் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். இரு அணியின் ஊரையும் சேராத நடுவரை வெளியிலிருந்து வரவழையுங்கள். நடுவர்மேல் புகார் வந்தால் கேட்க மூவர் குழு ஒன்றை முன்கூட்டியே அறிவியுங்கள். முதலுதவி தெரிந்த ஒருவரும் மருத்துவமனைக்கு உடனே கிளம்பத் தயாரான வண்டி ஒன்றும் திடலோரத்தில் இல்லாவிட்டால் முதல் ரெய்டையே தொடங்காதீர்கள்.