டான்சில் சீழ்க்கட்டி அறுவையும் குருதிப்பெருக்கும் : ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தொண்டையின் இருபுறமும் அமைந்த டான்சில் எனப்படும் அடிநாச்சதையை அகற்றுதல் மிகப் பழைய அறுவைகளுள் ஒன்று. டான்சிலின் உறைக்கும் அதன் புறத்தேயுள்ள தொண்டைத் தசைக்கும் இடையே சீழ் கோத்துக்கொள்ளும்போது நோயாளியால் வாயைத் திறக்கவோ எச்சிலை விழுங்கவோ இயலாது. அந்நிலையிலேயே டான்சிலை அகற்றலாமா, அழற்சி தணியும்வரை காத்திருக்க வேண்டுமா என்ற வினாவுக்கு மருத்துவர்கள் அளித்த விடைகளைப் பெரிதும் தீர்மானித்தது குருதிப்பெருக்கு பற்றிய அச்சமே. அவ்வச்சம் வளர்ந்த வரலாற்றையும் பிற்காலக் கணக்கெடுப்பு அதனைத் திருத்திய முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பண்டைய மருத்துவர்களின் எச்சரிக்கை

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானிய அறிஞர் செல்சசு, கெட்டிப்பட்ட டான்சிலை விரலால் சுற்றிலும் நெகிழ்த்தி எடுக்கவும், இயலாவிடில் கொக்கியால் பற்றிக் கத்தியால் அறுக்கவும், பின்னர் புண்ணைக் காடியால் கழுவிக் குருதியை அடக்கும் மருந்து பூசவும் வழிகூறினார். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அமிடா நகரத்து ஏட்டியசு, துருத்தி நிற்கும் பகுதியை மட்டுமே வெட்டவேண்டும் என்றும், ஆழமாக வெட்டினால் குருதி பெருகும் என்றும் எச்சரித்தார். அலெக்சாந்திரியாவில் பணியாற்றிய ஏழாம் நூற்றாண்டு மருத்துவர் ஏகினா பவுல், அழற்சியுற்ற டான்சிலைத் தொடலாகாது என விலக்கினார். எவ்வளவு வெட்டுவது, எப்போது வெட்டுவது என்னும் இரு வினாக்களும் இவ்வாறு தொடக்கத்திலேயே எழுந்துவிட்டன.

கருவியும் காலமும்

1828இல் பிலடெல்பியாவின் பிலிப் சிங் பிசிக், டான்சிலை வளையத்துள் பற்றி ஒரே வீச்சில் வெட்டும் கருவியை உருவாக்கினார். அறுவை விரைவாக முடிந்தது. எனினும் டான்சிலின் ஒரு பகுதி எஞ்சியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உறையோடு முழுமையாக அகற்றும் முறை மேலோங்கியது. 1909இல் இலண்டனின் ஜார்ஜ் வா விளக்கிய பிரித்தெடுக்கும் முறையில், குருதி கசியும் நாளத்தைக் கண்ணால் கண்டு இறுக்கவோ முடிச்சிடவோ முடிந்தது.

சீழ்நிலையிலேயே டான்சிலை அகற்றும் முறையை 1859இல் பிரெஞ்சு மருத்துவர் சசென்யாக் விவரித்தார். 1911இல் ஜெர்மனியில் விங்க்ளர் அதனை மீண்டும் முன்வைத்தார். சீழ் முழுவதும் வெளியேறும், கட்டி மீண்டும் தோன்றாது, இரண்டாம் முறை மருத்துவமனைக்கு வரவேண்டியதில்லை என்பன ஆதரவாளர் வாதங்கள். அழற்சியுற்ற திசுவில் குருதியோட்டம் மிகுதி, தொற்று பரவும் என்பன எதிர்வாதங்கள். பெனிசிலின் வந்தபின் தொற்று பற்றிய அச்சம் தணிந்தது. குருதி பற்றிய அச்சம் தணியவில்லை. ஆயினும், காத்திருப்பதிலும் இடர் இருந்தது. ஆறிய கட்டியின் தழும்பு உறையைத் தசையோடு ஒட்டச்செய்து, பிரித்தெடுப்பதைக் கடினமாக்கியது. புதிய கட்டியிலோ, சீழே அவ்விரண்டையும் ஓரளவு பிரித்து வைத்திருக்கும்.

கணக்கெடுப்பு உணர்த்தியவை

இவ்விவாதம் நெடுங்காலம் தனிப்பட்ட மருத்துவரின் அனுபவத்தையே சார்ந்திருந்தது. பெருந்தொகையான தரவுக்கு வழிவகுத்தது வேறொரு நிகழ்வு. மாறுபட்ட குரோய்ட்சுபெல்ட்-யாக்கோபு நோய் அறுவைக்கருவி வழியே பரவக்கூடும் என்ற ஐயத்தால், 2001 ஜனவரியில் பிரித்தானிய அரசு டான்சில் அறுவைக்கு ஒருமுறை மட்டும் பயன்படும் கருவிகளைக் கட்டாயமாக்கியது. குருதிப்பெருக்கு மிகுந்ததாகத் தகவல்கள் வரவே, அவ்வாண்டு டிசம்பரில் இங்கிலாந்தில் பழைய கருவிகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. உறுதிப்படாத இடரைத் தவிர்க்க எடுத்த முடிவு, கண்முன் நிகழும் இடரைக் கூட்டியது.

இதனையடுத்து, 2003 ஜூலை முதல் 2004 செப்டம்பர் வரை இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 33,921 நோயாளிகள் கணக்கெடுக்கப்பட்டனர். அவர்களுள் 3.5 விழுக்காட்டினர்க்குக் குருதிப்பெருக்கு நேர்ந்தது. மூச்சுத்தடைக்காக அறுவை செய்துகொண்டோரிடம் இவ்வளவு குறைந்தும், சீழ்க்கட்டி காரணமாகச் செய்துகொண்டோரிடம் மிகுந்தும் காணப்பட்டது. வெப்பமற்ற எஃகுக் கருவியால் பிரித்து நாளங்களை முடிச்சிட்டோரைவிட, மின்வெப்பக் கருவியைப் பயன்படுத்தியோரிடம் இடர் கூடுதலாக இருந்தது. பெரும்பாலான குருதிப்பெருக்குகள் முதல் 24 மணி நேரத்திற்குப் பின்னரே நிகழ்ந்தன.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. சீழ்க்கட்டி வரலாறு உடையோர்க்கு இடர் மிகுதி என்பதும், சீழ்நிலையில் அறுப்பதால் இடர் மிகும் என்பதும் ஒன்றல்ல. உடனே அகற்றியோரையும் காத்திருந்து அகற்றியோரையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பல, அறுவைக்குப் பிந்தைய குருதிப்பெருக்கில் தெளிவான வேறுபாட்டைக் காணவில்லை.

முடிவுரை

பண்டைய மருத்துவர் அஞ்சியது கத்தியின்கீழ்ப் பெருகும் குருதியை. கணக்கெடுப்பு சுட்டியதோ, புண்ணின் பொருக்கு உதிரும் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையில், நோயாளி வீட்டிலிருக்கும்போது பெருகும் குருதியை. அறுவை மேசையில் மட்டும் கருத்தூன்றிய மருத்துவம் இதனை எளிதில் கண்டிருக்க இயலாது. எப்போது அறுப்பது என்னும் பழைய வினாவோடு, எக்கருவியால் அறுப்பது, அறுவைக்குப்பின் எத்தனை நாள் கண்காணிப்பது என்னும் வினாக்களும் இணைந்ததே இவ்வரலாற்றின் பயன் எனலாம்.