வாச்சாத்தியில் மானம் இழந்தவர் யார்?

அரபு அகராதியார் ‘ளுல்ம்’ என்னும் அநீதிக்கு, ஒன்றை அதற்குரிய இடத்தில் வையாமை என்று பொருளுரைப்பர். தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று நிகழ்ந்தது அதுவே. சந்தனக்கட்டை தேடிச் சென்ற வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பழங்குடியினரின் வீடுகளைச் சூறையாடினர்; 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். காக்க வேண்டிய கரங்களே கொடுமை புரிந்தன.

தீமையைச் செய்தவரின் நோக்கத்தைவிட, பட்டவரின் துன்பத்தைக் கொண்டே அளக்க வேண்டும் என்றார் அமெரிக்கப் பெண்ணிய மெய்யியலார் கிளாடியா கார்டு. அத்துன்பத்தை அப்பெண்களே நீதிமன்றத்தில் எடுத்துரைத்தனர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தனர். 2023இல் உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

இத்தகைய பெண்களை ‘மானம் இழந்தோர்’ என்பது நம்மிடையேயும் உள்ள வழக்கு. அச்சொல்லும் இடம் மாறி வைக்கப்பட்டதே. மானம் இழந்தவர் கொடுமை செய்தவரே.