சிறைக்குள் வரும் பண்டிகை

தீபாவளி நெருங்குங்கால் தோட்டத்து ஆபீசில் முன்பணப் பட்டியல் எழுதுவது கிராணிமாராகிய நமது வேலை. சென்ற ஆண்டு இருந்த ஒரு பெயர் இவ்வாண்டு இல்லையெனில் காரணம் வினவுவோம். “வெளியூர் போயிருக்கிறான்” என்பர் வீட்டார். அவ்வெளியூர் சிறைச்சாலையே என்பதை லயம் முழுதும் அறியும், வாய்திறந்து சொல்வாரில்லை.

சிறைவாசத்தின் கொடுமை எல்லா நாட்களிலும் ஓரளவினதன்று. வேலையிலும் உறக்கத்திலும் கழியும் நாட்களில் மனம் ஒருவாறு அடங்கும். பண்டிகை நாளிலோ, தானின்றியே வெளியுலகம் மகிழ்கிறது என்ற நினைவு கசப்பாகத் திரண்டு நெஞ்சை அடைக்கும். அக்கசப்பை எங்ஙனம் வெல்வது? நமது பேராக் மாநிலத்துச் சரித்திரமே இதற்கு ஒரு விடை தருகிறது.

ஈப்போவில் மருத்துவமனை நடத்திய தமிழ் டாக்டர் கார்த்திகேசுவின் மனைவியார் சிபில் அம்மையார், ஜப்பானியர் ஆட்சியில் பாப்பான் என்னும் சிற்றூரில் குடியேறி, காட்டிலிருந்து வந்த எதிர்ப்புப் படையினருக்கு மறைவாக வைத்தியம் செய்தார். 1943இல் பிடிபட்டார். அவர் கண்ணெதிரே சிறுமகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினர். அப்போதும் அவர் எவரையும் காட்டிக் கொடுத்தாரில்லை. 1945இல் விடுதலை பெறுமுன், ஈப்போக் காவலிலும் பத்து காஜா சிறையிலுமாகக் கத்தோலிக்கரான அவருக்கு இரண்டு கிறிஸ்துமஸ் பண்டிகைகள் கழிந்தன. முதுகெலும்பு சிதைந்து நடக்க மாட்டாதவராய் வெளிவந்தார், ஜார்ஜ் பதக்கம் பெற்றார், 1948இல் காலமானார்.

தமிழகத்தை நோக்கினால், 1908இல் சிறைப்பட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை 1912 டிசம்பரில் விடுதலை பெறுமுன் ஐந்து தீபாவளிகளைச் சிறையில் கண்டார். கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த அவர், ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயர் நூலைச் சிறைவாசக் காலத்திலேயே ‘மனம்போல வாழ்வு’ எனத் தமிழாக்கினார்.

இவ்விருவரையும் தாங்கியது யாது? வெளியே உள்ளாருக்காக உள்ளே செய்வதற்கு ஒரு கடமை இருந்தது. அம்மையார் பிறர் உயிரைத் தம் மௌனத்தில் காத்தார். பிள்ளையவர்கள் தமிழருக்கு ஒரு நூலைச் சமைத்தார். தாம் இன்னும் வேண்டப்படுகிறோம் என்ற உணர்வு உள்ளவனிடம் கசப்பு நிலைத்து வாழ்வதில்லை.

“அவர்கள் தியாகிகள்; களவிலோ சண்டையிலோ சிக்கியவனுக்கு இவ்வுதாரணம் எற்றுக்கு?” என்று அன்பர் சிலர் கேட்கலாம். குற்றம் வேறு என்பதை நாம் மறுக்கவில்லை. குற்றத்துக்குரிய தண்டனையை நீதிமன்றம் அளந்து கொடுத்துவிட்டது. அதன்மேல் தனிமை என்னும் மற்றொரு தண்டனையை விதிக்க நமக்கு அதிகாரம் தந்தவர் யார்? தியாகிக்கு ஊராரின் மதிப்பேனும் துணையுண்டு. சாதாரணக் கைதிக்கோ வீட்டிலேயே பெயர் மறைக்கப்படுகிறது. “வெளியூர்” என்ற ஒரு பொய்யால் நாம் அவனைக் குடும்பத்தினின்றும் நீக்கிவிடுகிறோம்.

ஆகவே, தோட்டத்தாரே, நகரத்தாரே! பண்டிகைக்கு முன் கடிதம் எழுதுங்கள். அனுமதி கிடைப்பின் நேரிற் சென்று காணுங்கள். உபதேசம் வேண்டா. மகளின் படிப்பைப் பற்றி, தங்கையின் திருமணத்தைப் பற்றி அவனது யோசனையைக் கேளுங்கள். விடை எழுத வேண்டிய கடமை அவனுக்கு உண்டாகட்டும். எழுதத் தெரியாத தாய்மார் கேட்டால் கிராணிமார் எழுதிக் கொடுப்போம். முன்பணப் பட்டியலில் இல்லாத பெயரைக் கடித உறையின்மேல் எழுதுவதற்கு நமக்கு வெட்கம் ஏன்?