அசையாத வள்ளங்கள்

சில வருடங்களுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் பழைய சாமான் சந்தை ஒன்றில் பத்து யூரோவுக்கு ஒரு படம் வாங்கினேன். எச்சிங் என்று சொல்லப்படும் செப்புத்தகட்டு அச்சோவியம். சின்ன மீன்பிடித் துறைமுகம் ஒன்று. ஏழெட்டு வள்ளங்கள் பாய் இறக்கிக் கிடக்கின்றன. தண்ணீரில் ஒரு நெளிவும் இல்லை, கரையில் ஒரு ஆளும் இல்லை. கீழே பென்சிலால் 1931 என்று எழுதியிருக்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "என்ன அமைதி!" என்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

இந்தப் படம் செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, அதில் ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். கூட நேரம் அரித்த கோடு கடும் கறுப்பாக விழும். பள்ளங்களில் மை தேய்த்து, மேலே துடைத்து, ஈரக் கடதாசி வைத்து அழுத்தினால் படம் வரும். என்னுடைய படத்தில் பாய்மரங்களும் கயிறுகளும் நல்ல கறுப்பு. தண்ணீரில் அவற்றின் நிழல் மெல்லிய கோடு. வானத்தில் ஊசி படவே இல்லை, வெறும் கடதாசிதான்.

அச்சில் இடமும் வலமும் மாறிவிடும். வள்ளத்தின் முகப்பில் இருந்த எழுத்துகளைக் கண்ணாடியில் காட்டித்தான் வாசித்தேன். "வி.டி." அது வொலெண்டாம் ஊர் வள்ளங்களின் பதிவெழுத்து. அதன் பிறகுதான் அந்த 1931 என்னை உறுத்தத் தொடங்கியது.

வொலெண்டாம் இருந்தது சவுடர்சே என்ற உள்கடலின் கரையில். "தென்கடல்" என்று பொருள். ஆழம் குறைந்த கடல். அதனால்தான் படத்தில் உள்ள வள்ளங்களுக்கு அடி தட்டையாக இருக்கிறது, இரண்டு பக்கமும் சிறகு மாதிரிப் பலகைகள் தொங்குகின்றன. வடகடலிலிருந்து ஹெரிங்கும் நெத்தலியும் முட்டையிட இங்கே வரும். சனம் அதில் சீவித்தது.

1916 ஜனவரியில் பெரும் புயல் வந்து அணைகளை உடைத்தது. மார்க்கன் தீவில் மட்டும் 16 பேர் இறந்தார்கள். பொறியியலாளர் கொர்னேலிஸ் லெலி முன்பே வரைந்திருந்த திட்டம் 1918 இல் சட்டமானது. 32 கிலோமீட்டர் நீளமான அணை எழுந்தது. 1932 மே 28 இல் கடைசி இடைவெளியையும் மூடினார்கள். உப்புக்கடல் நன்னீர் ஏரியானது, பெயரும் ஐசல்மேர் என்று மாறியது. ஹெரிங்கும் நெத்தலியும் அணைக்கு வெளியே நின்றுவிட்டன. விலாங்குதான் மிஞ்சியது.

அணையைக் கட்டியது பிழை என்று சொல்ல என்னால் முடியாது. நாடு வெள்ளத்திலிருந்து தப்பியது, கடலடியில் இருந்த நிலம் வயலானது. மீனவருக்கு உதவ 1925 இலேயே சட்டம் கொண்டுவந்தார்கள். ஆனால் உதவிப் பணத்தில் வலை வீச முடியாதே.

எங்கள் ஊரிலும் ஒரு காலம் கடலுக்குப் போகத் தடை இருந்தது. அங்கே காரணம் யுத்தம், இரண்டையும் ஒன்றாக்க நான் வரவில்லை. ஆனால் அந்த நாட்களில் எங்கள் கரையும் இந்தப் படம் மாதிரியேதான் இருந்தது. வள்ளங்கள் வரிசையாக, வடிவாக நின்றன. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் "எவ்வளவு அமைதி" என்றார். பெரியப்பா பதில் சொல்லவில்லை. வள்ளம் கரையில் நின்றால் அடுப்பு எரியாது என்று அவருக்குத் தெரியும்.

போன வருடம் படத்தோடு வொலெண்டாம் போனேன். துறைமுகம் முழுக்கச் சுற்றுலாப் பயணிகள். புகைபோட்ட விலாங்கு விற்கிறார்கள். படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், இடம் வலம் மாறியிருந்ததால் ஒன்றும் பொருந்தவில்லை. பின் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன்.

உப்பில்லை.