உத்தியோகத்தோடு ஓதியவர்கள்

பட்டு நெசவால் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தை அடுத்துள்ளது திருப்பருத்திக்குன்றம். ஜின காஞ்சி என்றும் அதனை அழைப்பர். அங்குள்ள சமணக் கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-88இல் எழுப்பியவர் விஜயநகர அமைச்சரும் தளபதியுமான இருகப்பர். தம் ஆசிரியர் புஷ்பசேனரின் சொற்படியே அவர் அதைச் செய்தார். நாட்டை ஆளும் பொறுப்பிலிருந்த ஒருவர், ஆசிரியர் முன் தாம் மாணவரே என்று காட்டிக்கொள்வதை இழுக்காக எண்ணவில்லை.

நம் இல்லங்களிலோ நிலைமை வேறு. கடையில் அமர்ந்த மகனின் படிப்பு கல்லாப் பெட்டியோடு முடிந்துவிடுகிறது. கருகமணி கழுத்தில் ஏறியதும் மகளின் புத்தகங்கள் பரணில் ஏறிவிடுகின்றன. பின்னாளில் படிக்க விரும்பினால், “இந்த வயதிலா?” என்ற கேள்வியே முதல் தடையாகிறது. அக்கேள்விக்கு வரலாறு விடை தந்திருக்கிறது.

கல்லூரிக்குள் நுழையாதவரும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்னும் வழியை 1858இல் இலண்டன் பல்கலைக்கழகம் திறந்தது. தமிழகத்தில் தனித்தேர்வராகப் படித்து உயர்ந்தவர்களுள் தலையாயவர் டாக்டர் மு. வரதராசனார். பள்ளி இறுதித் தேர்வுக்குப்பின் அவர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். உடல்நலக் குறைவால் அவ்வேலையை விட்டபின் தாமே முயன்று தமிழ் பயின்றார். 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதல்வராகத் தேறினார். அதன்பின் ஆசிரியப் பணி வந்தது. ஆயினும் படிப்பை அவர் நிறுத்தவில்லை. 1939இல் பி.ஓ.எல்., 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் டாக்டர் பட்டம் என ஒவ்வொரு படியாக ஏறினார். சம்பளமும் குடும்பமும் ஒரு கையில், புத்தகம் மறு கையில் என்பதே அவருடைய வாழ்வாயிருந்தது.

1971இல் அவர் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அதே ஆண்டில்தான் அப்பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. கல்லூரி வாயிலுக்கு வெளியே நின்று பட்டம் பெற்ற ஒருவர், வெளியே நிற்போருக்காகக் கதவு திறந்த பல்கலைக்கழகத்தின் தலைமையில் அமர்ந்தது எத்துணைப் பொருத்தம்! அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அவ்வழியில் வந்தன. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின.

“தபால் பட்டம்தானே” என்று இகழ்வோர் உண்டு. பாடம் தபாலில் வரலாம். தேர்ச்சி தபாலில் வருவதில்லை. நாளெல்லாம் உழைத்துவிட்டு, வீடு உறங்கிய பின் விளக்கடியில் படித்துத்தான் அதைப் பெற வேண்டும். சேருமுன், அப்பாடத்திற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்வது மட்டும் அவசியம்.

இதில் குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு. படிக்க அமர்ந்த மருமகளுக்கு ஒரு மணி நேர ஓய்வு, கடையிலிருக்கும் தம்பிக்குத் தேர்வு நாள்களில் விடுப்பு — நாம் கொடுக்க வேண்டியது இவ்வளவே. அதையும் மறுத்துவிட்டு, நம் சமுதாயம் கல்வியில் பின்தங்கிவிட்டதென்று மேடையில் வருந்துவதில் என்ன பயன்? பரணிலிருக்கும் புத்தகங்களை இறக்கிக் கொடுப்போம்.