தாராவி: மீனவர் ஊரின் வரலாறு

மும்பைத் தமிழர் பற்றிய எழுத்துகளில் தாராவியின் வரலாறு பெரும்பாலும் தோல் பதனிடும் தொழிலிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முன்பே அது மாகிம் கழிமுகத்தை ஒட்டிய கோலி மீனவர் ஊராக விளங்கியது. 1909ஆம் ஆண்டுப் பம்பாய் நகர கெசட்டியர், ஆறு பெரும் கோலிவாடாக்களுள் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிடுகிறது.

மாகிமையும் பாந்திராவையும் இணைத்து 1845இல் திறக்கப்பட்ட சாலை நீரோட்டத்தைத் தடுத்தது, கழிமுகம் தூர்ந்தது, மீன்பிடித் தொழில் நலிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர், இச்சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடியேறினர். ஒரு சாரார் தொழிலிழந்த நிலமே மற்றொரு சாராரின் வாழ்விடமாயிற்று எனலாம்.

இன்றும் தாராவி கோலிவாடா நிலைத்துள்ளது. தம் இடம் சேரியன்று, தொன்மையான ஊரே என மறுசீரமைப்பின்போது கோலி மக்கள் வாதிடுவதற்கு இவ்வரலாறே சான்றாகும். ‘சேரி’ என்னும் ஒற்றைச்சொல் மீனவர் தொன்மையையும் தமிழர் உழைப்பையும் ஒருங்கே மறைத்துவிடுகிறது.