இரவல் மெட்டும் இரண்டு மாமிகளும்

1960களில் இலங்கையில் பிரபலமாக இருந்த சில பாட்டுக் குழுக்களின் பெயர்களைப் பாருங்கள்: லொஸ் கபலெரோஸ், லொஸ் முச்சாச்சோஸ், லா சிலோனியன்ஸ். பெயரைக் கேட்பவர் இவர்கள் தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்றே நினைப்பார். ஆனால் எல்லோரும் இந்த மண்ணின் பிள்ளைகள். லொஸ் கபலெரோஸை நடத்தியவர் நெவில் பெர்னாண்டோ. லா சிலோனியன்ஸை நடத்தியவர் நோயல் ரணசிங்க. அந்தக் காலத்தில் ‘லொஸ் பரகுவாயோஸ்’ என்ற பராகுவே நாட்டுக் குழுவின் இசைத்தட்டுகள் உலகமெங்கும் ஓடின. ஹரி பெலபொன்டேயின் ‘கலிப்சோ’ இசைத்தட்டு 1956இல் வந்து அமெரிக்காவைக் கலக்கியது. எமது இளைஞர்கள் அவற்றைக் கேட்டார்கள், கிட்டாரைத் தூக்கினார்கள், பெயரையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

இதை வாசித்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பிறருடைய பாட்டைப் பாடித் தொடங்கிய இந்தப் பிள்ளைகளின் வரிசையிலிருந்துதான் சில வருடங்களில் இந்த நாட்டுக்குச் சொந்தமான ஓர் இசை பிறந்தது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நாம் போகவில்லை. அதைப் பேசுவதற்கு அறிஞர்கள் இருக்கிறார்கள். இது வரலாறு பற்றிய பதிவு.

முதலில் இரவல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

முதலாவது சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொரொந்துவ’ 1947 ஜனவரியில் திரைக்கு வந்தது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம். படம் உருவானது தென்னிந்தியாவில். அதற்குப் பிறகு பல வருடங்களுக்குச் சிங்களப் படங்கள் தென்னிந்தியக் கலையகங்களிலேயே தயாரானதால், கதையோடு மெட்டும் அங்கிருந்தே வந்தது. ஹிந்திப் பாட்டின் மெட்டை எடுத்து, சிங்களச் சொற்களை அதற்குள் அடுக்கிவிட்டால் பாட்டு தயார்.

அதே காலத்தில் வானொலியும் இதற்குத் துணை நின்றது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் செய்தார். பாட்டுக் கேட்க வேண்டும் என்று தவித்த இந்தியர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ 1952இல் தொடங்கியது இங்கிருந்து ஒலிபரப்பான வர்த்தக சேவையில்தான். இந்தியா முழுவதும் புதன்கிழமை இரவில் கொழும்பைக் கேட்டது. கொழும்போ ஹிந்திப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இங்கே எமது சமூகத்தோடு தொடர்புள்ள ஒருவரைச் சொல்லியாக வேண்டும். சேலத்தில் பிறந்து, இளம் வயதில் இலங்கைக்கு வந்து, சிங்களம் கற்று, அந்த மொழியின் மிகப் பெரிய பாடகர்களில் ஒருவராகிய மொஹிதீன் பெய்க். அவர் 1991இல் காலமானார். இன்றும் வெசாக் காலத்தில் அவருடைய பௌத்த பக்திப் பாடல்கள் ஒலிக்காத வீதி இல்லை. ஹிந்தி மெட்டில் அமைந்த பாட்டுகளையும் அவர் பாடினார். மெட்டு இரவலாக இருந்தது, குரல் இரவலாக இருக்கவில்லை. மக்கள் நினைவில் வைத்திருப்பது அந்தக் குரலைத்தான்.

இரவலுக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்களும் அன்றே இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் சுனில் சாந்த. சாந்திநிகேதனிலும் லக்னோவின் பாத்கண்டே கல்லூரியிலும் படித்தவர். ஹிந்துஸ்தானி இசை தெரியாததால் அதை மறுத்தவரல்ல, முறையாகக் கற்றுத் தேர்ந்துவிட்டு, “சிங்களப் பாட்டுக்குச் சிங்கள மொழியின் ஓசையிலிருந்து மெட்டு வரவேண்டும்” என்ற நிலைப்பாட்டை எடுத்தவர். 1952இல் வானொலிக் கலைஞர்களைத் தரப்படுத்துவதற்காக லக்னோவிலிருந்து பேராசிரியர் ரத்தன்ஜன்கர் வரவழைக்கப்பட்டார். அந்தப் பரீட்சைக்குத் தோற்ற சுனில் சாந்த மறுத்துவிட்டார். அதன் விலையாக, புகழின் உச்சத்தில் இருந்தபோதே வானொலியின் கதவு அவருக்கு மூடப்பட்டது. நீண்ட காலம் அது திறக்கவில்லை.

1956 டிசம்பரில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ என்ற படத்தைத் தந்தபோது இசைக்கு அழைத்தது இதே சுனில் சாந்தவைத்தான். கலையகத்தை விட்டு வெளியேறி, இந்த நாட்டுக் கிராமத்திலேயே எடுக்கப்பட்ட படம் அது. அடுத்த வருடம் கான் திரைப்பட விழாவுக்குப் போனது. ஆனால் இங்கே திரையரங்கில் பணம் சேர்க்கவில்லை. பழகிய ருசியை விட்டுப் புதிய ருசிக்கு மக்கள் உடனே வரவில்லை. இதை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இப்போது கிட்டார் பிள்ளைகளிடம் வருவோம்.

1960களின் நடுப்பகுதியில் கொழும்பு ஹோட்டல்களிலும் நடன மண்டபங்களிலும் ஆங்கிலப் பாட்டுத்தான் ஆட்சி செய்தது. மிக்னொன் பாடிய ‘ஜெட்லைனர்ஸ்’ போன்ற குழுக்கள் அன்று உலகில் எது பிரபலமோ அதை அச்சொட்டாகப் பாடி வாசித்தன. அச்சொட்டாக வாசிப்பது சின்ன வேலையல்ல. விரல் பழக வேண்டும், காது பழக வேண்டும், நான்கைந்து பேர் ஒரே தாளத்தில் மூச்சு விட வேண்டும். எமது வகுப்பறையில் பிள்ளை முதலில் பார்த்தெழுதுகிறது, பிறகு சொல்வதெழுதுகிறது, அதற்குப் பிறகுதான் சொந்தக் கட்டுரை எழுதுகிறது. பார்த்தெழுதுவதை யாரும் களவு என்று சொல்வதில்லை. பத்தாம் தரத்திலும் பார்த்துத்தான் எழுதுகிறது என்றால் அப்போதுதான் ஆசிரியருக்குக் கவலை வரும்.

ஹப்புத்தளையில் 1943இல் பிறந்த கிளரன்ஸ் விஜேவர்தன என்ற இளைஞர், அனெஸ்லி மாலேவனவுடன் சேர்ந்து ‘மூன்ஸ்டோன்ஸ்’ குழுவைத் தொடங்கினார். பெயர் ஆங்கிலம், கருவி மேல்நாட்டுக் கிட்டார், கேட்டு வளர்ந்தது மேல்நாட்டு இசை. ஆனால் கிளரன்ஸ் தானே சிங்களத்தில் எழுதினார், தானே மெட்டமைத்தார். சிங்களப் பாட்டுக்கு மின்சாரக் கிட்டாரைக் கொண்டுவந்தவர் என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். அவர்களுடைய ஆரம்பப் பாடல்களில் ஒன்று ‘மேங்கோ களு நெந்தே’. ‘நெந்தா’ என்றால் மாமி. ‘களு நெந்தா’ என்றால் கறுப்பு மாமி. ஊரில் எவரும் பேசும் சாதாரணப் பேச்சிலிருந்து ஒரு மாமி எழுந்து வந்து மைக்குக்கு முன்னால் நின்றார்.

திறமை மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதை ஹப்புத்தளையிலோ இரத்தினபுரியிலோ முடிந்திருக்கும். இன்னும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒருவர் வானொலி அறிவிப்பாளர் விஜய கொரயா. இந்தப் பிள்ளைகளை வானொலிக்கு அழைத்துவந்து ஊக்கமளித்தவர் அவர். மற்றவர் ‘சூரிய’ இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய ஜெரல்ட் விக்ரமசூரிய. பெயர் தெரியாத இளைஞர்களின் சொந்தப் பாட்டை இசைத்தட்டாக வெளியிடப் பணம் போட்டவர். ஒருவர் கதவைத் திறந்தார், மற்றவர் காசை இறக்கினார். இவ்விருவரும் “முதலில் பிரபலமாகி வாருங்கள், பிறகு பார்ப்போம்” என்று சொல்லியிருந்தால் இன்று ‘தில்ஹானி’யைப் பாடுவதற்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

தமிழிலும் இதே காலத்தில் இதே கதை நடந்தது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிட்டாரோடு வந்து ‘சின்ன மாமியே’ பாடினார். அங்கும் மாமிதான்! சிங்களப் பொப்பும் தமிழ்ப் பொப்பும் ஆளுக்கொரு மாமியைக் கூப்பிட்டுக்கொண்டே நடக்கப் பழகின. இது தற்செயலாக இருக்கலாம். ஆனால் எமக்கு இதில் ஒரு பாடம் தெரிகிறது. இரவல் மெட்டில் வரும் காதலி எப்போதும் தூர தேசத்து நிலவு, மலர், தேவதை. சொந்தமாக எழுத உட்கார்ந்தவனுக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது பக்கத்து வீட்டு மாமி. அவனுக்கு நன்றாகத் தெரிந்தவர் அவர்தானே.

பிறகு ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யோடு வந்தார். சிங்களமும் தமிழும் கலந்த அந்தப் பாட்டு கடலைத் தாண்டிப் போனது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற தமிழ்ப் படத்தில் இளையராஜாவின் இசையில் சுராங்கனி மறுபடியும் ஒலித்தாள். முப்பது வருடங்களுக்கு முன் தென்னிந்தியாவிலிருந்து இரவல் வாங்கிய தீவிலிருந்து, இப்போது சென்னை இரவல் வாங்கியது. வாங்கியவன் கொடுக்கும் நிலைக்கு வருவதற்கு ஒரு தலைமுறை போதுமாக இருந்திருக்கிறது.

இந்தப் பாட்டுகளின் அடியில் ஓடும் தாளம் பைலா. அதுவும் ஒரு காலத்தில் வந்த சரக்குத்தான். 1505இல் வந்த போர்த்துக்கேயரோடும் அவர்களோடு வந்த ஆபிரிக்கர்களோடும் சேர்ந்து வந்தது. பொலிஸில் பணியாற்றிய வொலி பெஸ்டியன் அதற்குச் சிங்களச் சொல் கொடுத்து ஊர்ப் பாட்டாக்கினார். மட்டக்களப்பில் வாழும் போர்த்துக்கேயப் பறங்கியர் தங்கள் கல்யாண வீடுகளில் வயலின் வாசித்து ஆடும் ‘கஃப்ரிஞ்ஞா’ அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் போகும் எமக்கு அது அயல் வீட்டுச் சத்தம். இத்தகைய இசையைத் தூய்மைவாதிகள் ‘துப்பஹி’ என்று இழிவாகச் சொன்னார்கள், அதாவது கலப்பு. அந்தச் சொல்லை, இரு மொழி பேசும் ‘துபாஷி’யோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. அப்படியானால் இரண்டு மொழி பேசுவதுதான் குற்றம் போலும்! எமது சமூகத்தில் பாதிப் பேர் அந்தக் குற்றத்தை நாள்தோறும் சந்தையில் செய்கிறோம்.

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறோம்?

எமது பிரதேசத்தில் இளைஞர் குழுக்கள் இருக்கின்றன. பழைய மெல்லிசைப் பாடல்களை அப்படியே அசலாகப் பாடுவார்கள். கல்யாணத்துக்கும் பெருநாள் ஒன்றுகூடலுக்கும் விளையாட்டுக் கழக ஆண்டு விழாவுக்கும் அவர்களைத்தான் அழைக்கிறோம். அவர்களில் சிலர் இப்போது சொந்தமாக எழுதுகிறார்கள். அண்மையில் ஒரு நிகழ்ச்சியில் அப்படியொரு பாட்டுத் தொடங்கி அரை நிமிடம் ஆகவில்லை. சபையிலிருந்து குரல் வந்தது: “தம்பி, தெரிஞ்ச பாட்டாப் பாடுங்க!” பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த நிமிடம் எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டு வந்தது, சபை கைதட்டியது. அந்தப் புதுப் பாட்டின் இரண்டாவது சரணத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

குரல் கொடுத்தவர் கெட்டவரல்ல. ‘ரேகாவ’ ஓடிய திரையரங்கில் வெறுமையாகக் கிடந்த ஆசனங்களுக்கு உரியவர்களும் கெட்டவர்களல்லர். தெரிந்ததைக் கேட்பது சுகம். ஆனால் ஓர் ஊர் தனக்குத் தெரிந்ததை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், அந்த ஊரைப் பற்றிய பாட்டு எங்கேயும் இருக்காது. எமது கடலைப் பற்றி, வெள்ளத்தில் போன வேளாண்மையைப் பற்றி, சுனாமி எடுத்த வீதிகளைப் பற்றி, வெளிநாட்டுக்குப் போன உம்மாக்களைப் பற்றிச் சென்னையிலிருந்தோ மும்பாயிலிருந்தோ யாரும் வந்து எழுதித் தரப்போவதில்லை.

எமக்குச் சொந்த மெட்டு இல்லாமலும் இல்லை. வயலிலும் வள்ளத்திலும் பாடிய நாட்டார் கவி எமது மூத்தம்மாக்களின் வாயில் இருந்தது. களிகம்பும் றபானும் பக்கீர் பைத்தும் எமது ஊர்களில் இருந்தன. ஆனால் எமது இஸ்லாமிய கீதங்களிலேயே எத்தனை சினிமா மெட்டில் அமைந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பொருள் எமதாக இருக்க, மெட்டுக்கு மட்டும் ஏன் கைமாற்று?

ஆகவே இந்தப் பதிவை வாசிக்கும் உறவுகளிடம் மூன்று வேண்டுகோள்கள்.

நிகழ்ச்சி ஏற்பாடு செய்பவர்கள், குழுவை அழைக்கும்போதே “உங்களுடைய சொந்தப் பாட்டு ஒன்றும் இருக்க வேண்டும்” என்று சொல்லுங்கள். பத்துப் பாட்டில் ஒன்று போதும்.

வசதியுள்ள வர்த்தகர்கள், அப்படியான ஒரு பாட்டை முறையாக ஒலிப்பதிவு செய்யும் செலவைப் பொறுப்பெடுங்கள். ஜெரல்ட் விக்ரமசூரிய செய்ததும் இதுதான்.

மூத்தவர்கள், உங்களுக்கு ஞாபகமுள்ள கவிகளையும் அவற்றைப் பாடும் விதத்தையும் எமது மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். சொற்கள் சில புத்தகங்களில் அச்சாகியிருக்கின்றன, மெட்டு உங்கள் தொண்டையில் மட்டுமே இருக்கிறது. வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு எந்த வீட்டுக்கு வரச் சொன்னாலும், கைபேசியோடு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறோம்.